அந்த 800 கிலோ

"இன்னொரு 800 கிலோ எரிபொருள் ஏத்திக்கவா?" ஹைதராபாத்திலிருந்து கேப்டன் போனில் கேட்டார்.

"வேண்டாம் சார். முன்னறிவிப்புல டெம்போதான் போட்டிருக்காங்க. நீங்க வர்றதுக்குள்ள ஒதுங்கிடும்" என்றேன். டெம்போ என்றால், சென்னையில் இடிமழை கொஞ்ச நேரம் வந்து போகும் என்று பொருள்.

கொஞ்சம் யோசித்தார். "சரி, பாத்துட்டுதானே சொல்றீங்க" என்று வைத்துவிட்டார்.

பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. செப்டம்பர் மாத இடிமழை சென்னைக்கு எப்படி வரும் என்பது விமானத்தின் பயணத்தையும் எரிபொருளையும் தரையிலிருந்து திட்டமிடும் டிஸ்பாட்ச் மேசையில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். பகல் வெயிலில் மேற்கே உள்நாட்டில் முளைக்கும், சாயங்காலம் கடல்காற்றோடு மோதிப் பெருக்கும், நகரைக் கடந்து கடலுக்குப் போய்விடும். ரேடாரில் அந்த மேகம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. தரையிறங்கும் எடை வரம்பை ஏற்கெனவே தொட்டிருந்தோம். 800 கிலோ எரிபொருள் ஏற்றினால் 800 கிலோ சரக்கை இறக்க வேண்டும். ஏ320 விமானத்துக்கு அவ்வளவு எரிபொருள் வானத்தில் ஏறக்குறைய 20 நிமிடம். சட்டப்படி வேண்டிய எரிபொருள் எல்லாம் திட்டத்தில் இருந்தது: சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூரு போக, அதற்கு மேல் அரை மணி நேரக் கையிருப்பு.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். பழைய மேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் பரவும்போது, அதன் விளிம்பில் புதிதாக ஒரு மேகம் எழலாம். அன்று எழுந்தது, ஓடுபாதைக்கு நேர் மேலே.

விமானம் பத்து நிமிடம் வட்டமடித்தது. பிறகு இறங்க முயன்றபோது 700 அடியில், காற்றின் வேகமும் திசையும் சட்டென்று மாறும் 'காற்று வெட்டு' எச்சரிக்கை. எதிர்காற்று திடீரென்று கூடி, வேகம் ஏறி, அடுத்த சில நொடிகளில் மொத்தமும் சரிந்தது என்று கேப்டன் பின்னால் சொன்னார். கீழிறங்கும் காற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவரும்போது எதிர்காற்று பின்காற்றாகிவிடும். இறக்கைக்குத் தேவையான வேகம் அங்கேதான் பறிபோகும். 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் டெல்டா 191 விமானத்தைக் கீழே தள்ளி 137 பேரைக் கொன்றது இதுதான். பயிற்சியில் எத்தனையோ முறை படித்தது. நான் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட விமானத்துக்கு வந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

முழு விசை கொடுத்து மேலேறினார். இன்னொரு முயற்சிக்கு எரிபொருள் இல்லை. நேராக பெங்களூரு. அங்கே இறங்கியபோது டேங்கில் 1,350 கிலோ இருந்தது, தொடக்கூடாத கையிருப்புக்கு 250 கிலோ மேலே. ஆறு நிமிடம். விதிப்படி எந்தத் தவறும் இல்லை. விசாரணையும் இல்லை, ஒரு அறிக்கையோடு முடிந்தது.

அந்த 800 கிலோவை ஏற்றச் சொல்லியிருக்கலாம் என்றுதான் முதலில் பல நாள் நினைத்தேன். பிறகு ஒருநாள் கேப்டனைப் பார்த்தேன். "அன்னைக்கு எண்ணெய் இருந்திருந்தா, இன்னொரு தடவை இறங்கிப் பாத்திருப்பேன்" என்றார். என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த மேகம் அடுத்த அரை மணி நேரம் அங்கேயே நின்றது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டிலும் மழை. முதல் முயற்சியைக் கைவிட்டு, இரண்டாவது முறை எதிர்ப்பக்கத்திலிருந்து பின்காற்றோடு இறங்கியபோதுதான் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 21 பேர் போனார்கள்.

அப்படியென்றால் நான் 'வேண்டாம்' என்றது நல்லதா? அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நான் அவருக்கு எரிபொருளை மறுத்தது இரண்டாவது முயற்சியைத் தடுக்க அல்ல, சரக்கு இறங்கக் கூடாது என்பதற்காக. விளைவு நல்லதாக முடிந்தால் காரணமும் நல்லதாகிவிடுமா? கூடுதல் எரிபொருள் விமானிக்கு யோசிக்க நேரம் தரும் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன். அதே நேரம்தான் மேகத்துக்குள் மறுபடி போய்ப்பார்க்கவும் இடம் தரும். இதை மட்டும் சொல்வதில்லை, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

போன வாரம் இன்னொரு கேப்டன் கேட்டார், 600 கிலோ. "ஏத்திக்கோங்க சார்" என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் ரேடாரைத் திறந்து பார்த்தேன்.