பஞ்சு அடைத்த போத்தல்

காலமை எழும்பினால் விரல் மடங்காது. கத்திரிக்கோல் வளையத்துக்குள் பெருவிரல் போகும், துணியில் வைத்து அமத்தினால் உயிர் போகும். அதனால் முதல் கால் மணித்தியாலம் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு குந்தில் இருப்பேன். ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், நல்லதுதான். முழங்கால் இதைவிட மோசம், கக்கூசில் இருந்து எழும்ப வாளி விளிம்பைப் பிடிக்கவேண்டும். போன வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் மணலில் இருந்தவள், எழும்ப முடியாமல் பக்கத்தில் இருந்த பிள்ளையின் தோளைப் பிடித்தேன்.

நான் எச்.ஐ.வி.க்குக் குளிசை எடுக்கிறேன். எப்படி வந்தது என்ற கதையை இங்கே எழுதப்போவதில்லை. முதலில் எபவிரென்ஸ் சேர்ந்த குளிசை தந்தார்கள், இரவு முழுக்கக் கனவு, அதுவும் நிறத்தோடு. பிறகு டோலுடெகிராவிர், லமிவுடின், டெனோபோவிர் மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்த குளிசைக்கு மாற்றினார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, கனவும் நின்றது. கொஞ்ச மாதத்தில் உளைவு தொடங்கிவிட்டது. போத்தலோடு வந்த துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தால், பக்க விளைவுகளுக்குள் மூட்டு வலியும் தசை வலியும் இருந்தன.

ஊரில் உளைவு என்று வாய் திறந்தால் எல்லாரும் வைத்தியர்தான். "என்ன, சிக்குன்குனியா வந்ததோ?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. ஓம் அக்கா என்றேன். 2006இல் வடக்கில் அது பரவினபோது பட்டவர்களுக்குத் தெரியும், காய்ச்சல் போனாலும் மூட்டு வலி சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். ஆகவே ஒருவரும் மேலே கிண்டமாட்டார்கள். பொய் சொல்ல இவ்வளவு வசதியான வருத்தம் வேறு இல்லை.

ஆனால் அந்தப் பொய்தான் என்னை மாட்டிவிட்டது. அக்கா விடாமல் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. "வேறை மருந்து ஏதும் எடுக்கிறியளோ?" என்று அங்கிருந்த டொக்டர் கேட்டார். அக்கா பக்கத்தில் இருக்கிறா. இல்லை என்றேன். வலிக்கு டைக்ளோபெனாக் குளிசை ஒரு அட்டை, கல்சியம் ஒரு போத்தல் தந்தார். வலிக்குக் கேட்டது, பொய் சொல்லக்கூடாது, நல்லாய்க் கேட்டது. ஜனவரிப் பள்ளிக்கூடச் சட்டைகளை அந்த அட்டையின் புண்ணியத்தில்தான் தைத்து முடித்தேன். கல்சியத்தை மறக்காமல் இருக்க, படுக்கிற நேரம் மற்றக் குளிசையோடு சேர்த்து, வெறும் வயிற்றில் விழுங்கினேன். இரண்டு மாதம்.

அப்புறம் எச்.ஐ.வி. குளிசை எடுக்கிற வவுனியாக் கிளினிக் நாள் வந்தது. மாங்குளத்தில் பஸ் ஏறினேன், போத்தலுக்குள் பஞ்சு அடைத்திருந்தேன். இல்லாவிட்டால் பஸ் குலுங்கக் குலுங்கக் குளிசை கிலுகிலு என்று சத்தம் போடும், முன் சீற்றில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். கிளினிக் தாதி மிஸ்ஸியிடம் சும்மா கதைபோலச் சொன்னதுதான், கல்சியம் எடுக்கிறேன் என்று. பேனையை வைத்துவிட்டா.

டொக்டர் விளங்கப்படுத்தினார். வெறும் வயிற்றில் சேர்த்து எடுத்தால் கல்சியம் டோலுடெகிராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போகவேண்டிய அளவு போகாது. இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். இல்லையென்றால் டோலுடெகிராவிரை கல்சியத்துக்கு இரண்டு மணித்தியாலம் முந்தி, அல்லது ஆறு மணித்தியாலம் பிந்தி எடுக்கவேண்டும். இரும்புச்சத்துக் குளிசைக்கும் இதே கதைதான். டைக்ளோபெனாக்குக்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது: டெனோபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, அதோடு இதையும் சேர்த்தால் இரட்டைச் சுமை. காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ள மாவட்டம் வவுனியா. "வலி எண்டா முதலே இஞ்ச வந்து சொல்லியிருக்கலாமே," என்றார். என்னத்தைச் சொல்ல?

இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகத்தைப் பார்க்கக் கிரியேற்றினின், பிறகு பொஸ்பேற், வைரஸ் அளவு. டெனோபோவிர் சிலருக்குப் பொஸ்பேற்றைச் சிறுநீரில் கழியவிட்டு எலும்பை மென்மையாக்கும், அந்த வலியையும் மூட்டு வலி என்றே நினைப்போமாம். முடிவு வரும்வரை மெஷினில் இருந்தாலும் கால் மிதிக்கவில்லை, ஒரே ஒரு கை மடிப்பை மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். வலியைவிட, இவ்வளவு காலம் ஒருநாளும் தவறாமல் எடுத்ததை ஒரு கல்சியப் போத்தல் கெடுத்துவிட்டதோ என்ற பயம்தான். வைரஸ் அளவு கருவிக்குப் பிடிபடாத அளவில்தான் இருந்தது. சிறுநீரகமும் தப்பியது. மிஸ்ஸியின் கையைப் பிடித்து அழுதுவிட்டேன், விரல் நொந்ததும் தெரியவில்லை.

மூட்டு வலி குளிசையாலா, வைரஸாலா, நாள் முழுக்க மெஷினில் குனிந்து இருப்பதாலா என்று டொக்டர் அடித்துச் சொல்லவில்லை. குளிசையை நீங்களாக நிற்பாட்டவேண்டாம் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். இப்போது பனடோல், அதுவும் கணக்காக. கல்சியம் மத்தியானச் சோற்றோடு, குளிசை படுக்கும்போது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மெஷினை விட்டு எழும்பிக் கிணற்றடி வரை நடை. பாதி வலி குறைந்திருக்கும், பாதி இருக்கிறது.

நேற்றும் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அந்தக் குளிசை முடிஞ்சுதோ, வேற வாங்குவமோ?" என்றா. முடிஞ்சுது அக்கா, இப்ப சுகம் என்றேன். அரை அட்டை இன்னும் பட்டன் டின்னுக்குள் கிடக்கிறது.