எடுத்துவிட்டு வாங்க

முழங்கால் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு வந்தவன், அதற்குமுன் நிரப்பும் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்றே டிக் அடித்திருந்தான். பேஸ்மேக்கர் இல்லை, கண்ணில் இரும்புத்தூள் பட்டதில்லை, உடம்புக்குள் வேறு உலோகமும் இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது அதில் செருகியிருந்த ஜெம் கிளிப் அவன் மோதிர விரல் நுனியோடு போய்விட்டது. கையை உதறினான். விழவில்லை.

"காந்தம்னு படிவத்துல எங்கேயும் கேட்கலையே" என்று சிரித்தான்.

மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் வலுவான நியோடிமியம் காந்தம். ஐஸ் தண்ணீரில் விரலை மரத்துப்போக வைத்து, பிளேடால் கீறி, தானே உள்ளே தள்ளித் தையலும் போட்டிருக்கிறான். மைக்ரோவேவ் ஓடினால் விரலுக்குள் அதிருமாம். 1998-இல் இதே இங்கிலாந்தில் கையில் சிப் வைத்துக்கொண்ட பேராசிரியர் கெவின் வார்விக் பெயரெல்லாம் சொன்னான். அவருக்கு மரப்பு ஊசி போட்டு மருத்துவர்தான் வைத்தார் என்பது இவன் கண்ணில் படவில்லை போலும்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "அது உள்ளே இருக்கும்வரை எம்ஆர்ஐ கிடையாது. எடுத்துவிட்டு வாங்க."

ஆங்கிலத்தில் சொன்னேன், ஆனாலும் ஏறக்குறைய இதே சொற்கள். முடி வெட்டிட்டு வா என்றால் யாரும் கத்தரியைத் தேடுவதில்லை, சலூனுக்குத்தான் போவார்கள். அந்த மாதிரிதான் நானும் சொன்னேன். ஆனால் எதிரே நின்றவன் சலூனுக்குப் போகிற ஆள் இல்லை. அதை அவன் வாயாலேயே கேட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒன்பதாவது நாள் எனக்கு எக்ஸ்ரே டூட்டி. அதே விரல், இரண்டு மடங்கு வீங்கி, நகத்தடி கறுத்து, மடங்கியபடி நீட்ட முடியாமல். இந்தக் காந்தங்கள் பீங்கான் மாதிரி. மேல்பூச்சில் விரிசல் விட்டால் உடம்பு நீரில் துருப்பிடிக்கும், இடுக்கியால் பிடித்தால் நொறுங்கும். படத்தில் மூன்று வெள்ளைத் துணுக்குகள், ஒன்று மூட்டை ஒட்டி. சீழ் தசைநார் உறைக்குள் இறங்கியிருக்குமோ என்று அன்றிரவே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள்.

"நீங்க சொன்னபடி எடுத்துட்டேன், பாதி" என்றான். குறையாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் காட்டுகிற பையன் மாதிரி சொன்னான்.

ஸ்கேன் மறுத்தது சரிதான். முழங்கால் ஸ்கேன்தானே, கை வெளியே இருந்திருக்குமே என்று ஒரு ராத்திரி யோசித்தேன். ஆனால் 1.5 டெஸ்லா காந்தபலமுள்ள அந்த மெஷினின் வாய்ப்பக்கம்தான் இழுப்பு மிக அதிகம். காந்தம் திரும்பித் தோலைக் கிழித்திருக்கலாம். சரி, மறுத்தேன். அப்புறம் அவனுடைய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். "நீங்களாகக் கை வைக்காதீங்க" என்ற மூன்று சொல்லுக்கு நேரமா இல்லை? அடுத்த நோயாளி உடை மாற்றிக் காத்திருந்தார், அது உண்மை. அவன்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, அதுவும் உண்மை.

இரண்டு மாதமாகவே அந்த விரல் வலித்ததாகக் கேஸ் ஷீட்டில் பிறகு பார்த்தேன். அப்படியென்றால் பூச்சு முன்பே விரிசல் விட்டிருக்கலாம், எப்படியும் இங்கேதான் வந்து நின்றிருப்பான். அதைப் படித்த அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் தூக்கம் வரவில்லை.

இப்போது மூக்குத்தி போட்டவர்களிடம்கூட "மெதுவாக, நீங்களாக இழுக்காதீங்க" என்கிறேன். ஒரு அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

மூட்டருகே இருந்த துணுக்கை எடுக்க முடியவில்லையாம். முழங்கால் ஸ்கேன் பட்டியலில் அவன் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது.