கண்டியில் மின்கட்டணம் பற்றிப் பேசப் போனேன்

2024 டிசம்பரில், கட்டணம் இருந்தபடியே இருக்கட்டும் என்று இலங்கை மின்சார சபை முன்மொழிந்தது. கூட்டாமல் விட்டார்களே என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பலருக்கு நிம்மதி. எனக்கு மனம் ஆறவில்லை. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏற்றியிருந்தார்கள். 2024 இல் இரண்டு தடவை குறைத்த பிறகும், கரண்ட் பில் வந்தால் சம்பளத் துண்டை எடுத்து வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறோம்.

கடையில் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். மலையகத்தில் மின்சாரத்துக்கு அப்படிப் போக இடமில்லை, அப்போது மின்சார சபை ஒன்றுதான் இருந்தது. அதனால்தான் 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டப்படி பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. கட்டணத்தை முடிவு செய்ய அப்போது சபை கணக்கைக் கொடுத்துக் கேட்கும். ஆணைக்குழு அதைச் சரிபார்த்து, மக்களிடமும் கருத்துக் கேட்டு, தீர்ப்புச் சொல்லும். எழுதியும் அனுப்பலாம், நேரில் போயும் பேசலாம். நான் பெயரைப் பதிந்துவிட்டு கண்டி அமர்வுக்குப் போனேன்.

பேச நினைத்ததை ஒரே தாளில் எழுதிக்கொண்டேன். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன பழைய கோயில் வெளியே தெரியும். அந்த மாதம் அது தெரியவே இல்லை. அந்தத் தண்ணீர்தான் கெனியன், லக்சபான மின்நிலையங்களில் மின்சாரமாகிறது, டீசலோ நிலக்கரியோ வாங்கத் தேவையில்லை. அப்படியிருக்க, செலவு மட்டும் ஏன் குறையவில்லை? தமிழிலேயே கேட்டேன். குறுக்கே யாரும் பேசவில்லை, குறித்துக்கொண்டார்கள்.

2025 ஜனவரி 17 இல் தீர்ப்பு வந்தது: சராசரியாக 20 வீதக் குறைப்பு. ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று சபை கேட்ட இடத்தில் இது! என் பேச்சால்தான் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டதை அப்படியே தலையாட்டி ஏற்காத ஒரு அமைப்பு இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம்.

அது எப்போதும் குறைத்துக்கொண்டே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அதே ஆண்டு ஜூனில் சபை 18.3 வீதம் கூட்டக் கேட்க, 15 வீத ஏற்றத்துக்கு அனுமதித்தார்கள். அது எங்களுக்கு வலித்தது. ஒக்டோபரில் கேட்ட 6.8 வீதத்துக்கு மறுத்துவிட்டார்கள்.

இப்போது கொழுந்து பறிக்கும் அக்காமார் சிலரும் பேச வருவதாகச் சொல்கிறார்கள். கண்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆகவே ஹட்டனிலும் ஓர் அமர்வு, அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள் என்று ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.