பழைய ஜீப்புக்கு மாற்று கியர்பாக்ஸ் தேர்ந்தெடுத்த அனுபவம்

என்னிடம் இருப்பது 1980-களின் முதல் பாதியில் வந்த ஜீப் சிஜே-7. 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். டி-176 என்ற நாலு கியர் பாக்ஸ். அதன் பின்னால் டானா 300 ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற, ஹை, லோ என்று இரண்டு வேக வரம்புள்ள பெட்டி. இன்ஜின் இன்றும் திடமாக இருக்கிறது. கியர்பாக்ஸ்தான் ஓய்ந்துவிட்டது. முதல் மூன்று கியரிலும் அரைக்கிற சத்தம் வரும், நாலாவதில் போட்டால் அடங்கும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். மலைச் சரிவில் இன்ஜின் பிரேக்கை நம்பி இறங்குகிற வண்டியில் இது விளையாட்டல்ல.

நாலாவதில் சத்தம் அடங்குகிறது என்பதே பெரிய துப்பு. அந்த கியரில் சுழற்சி இன்புட் ஷாஃப்டிலிருந்து நேராகப் பின்னால் போய்விடும். மற்ற கியர்களுக்குச் சுழற்சியைக் கடத்துகிற, கீழே உள்ள கவுன்ட்டர் ஷாஃப்ட் சுற்றுமே தவிர அதன் மேல் சுமை ஏறாது. ஆகவே கோளாறு கவுன்ட்டர் ஷாஃப்டிலோ அதன் நீடில் பேரிங்கிலோ இருக்க வேண்டும். ஆயிலை வடித்தபோது வெளுத்துப்போய், தண்ணீர் கலந்து வந்தது. ஓடைகளில் இறங்கும் வண்டிகளுக்கு இது வழக்கமாக வருகிற நோய்தான். சூடான பாக்ஸ் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரித்துப் பார்த்தால் கவுன்ட்டர் கியரின் பற்களில் துரு குழி குழியாகத் தின்றிருந்தது. பேரிங்கும் சின்க்ரோ ரிங்கும் (கியர் அரைக்காமல் விழ வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) மட்டும் போயிருந்தால் யோசிக்காமல் அதையே சரி செய்திருப்பேன். கியர் தொகுதியே போனபிறகு, அந்தப் பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதுதான் நியாயம்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் முதலில் கேட்கிற கேள்வி, “எந்த பாக்ஸில் முதல் கியர் ரொம்ப லோ?” என்பது. வெளியே ஒரு சுற்று வர இன்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் கியர் விகிதம்; எண் கூடினால் வண்டி மெதுவாக, பலமாக இழுக்கும். நானும் அந்த எண்களைத்தான் முதலில் எழுதி வைத்தேன். டி-176-ல் முதல் கியர் 3.52. ஜீப்பிலேயே 1970-களில் வந்த டி-18-ல் 6.32. பழைய செவ்ரலே ட்ரக்குகளின் எஸ்எம்420-ல் 7.05. என்வி4500-ல் 5.61. ஏஎக்ஸ்-15-ல் 3.83. அதற்குப் பின் வந்த என்வி3550-ல் 4.01.

பாறையில் வண்டி எவ்வளவு மெதுவாக ஊரும் என்பதை இந்த எண் தனியாகச் சொல்லாது. முதல் கியரை ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதத்தாலும், பிறகு ஆக்ஸில் விகிதத்தாலும் பெருக்க வேண்டும். டானா 300-ன் லோ 2.62. என் ஆக்ஸில் 3.54. பழைய பாக்ஸோடு பெருக்கினால் 32.6 வரும். டி-18 போட்டால் 58.6. என்வி4500 போட்டால் 52. ஏஎக்ஸ்-15-க்கு வெறும் 35.5. இந்தக் கணக்கைப் பார்த்தால் டி-18-ஐத்தானே வாங்கத் தோன்றும்?

நெடுஞ்சாலையில் கதை வேறு. 31 அங்குல டயர், 3.54 ஆக்ஸில், நாலாவது கியர் ஒன்றுக்கு ஒன்று. 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2400 சுற்றில் ஓடும். ஆக்ஸிலை 4.09 ஆக்கினால் 2750-ஐத் தாண்டும். டி-18-ல் ஓவர்டிரைவ், அதாவது ஒன்றுக்கும் குறைவான விகிதத்தில் இன்ஜினை நிதானமாக ஓடவிடும் கியர், கிடையாது. அதன் முதல் கியருக்கு சின்க்ரோவும் இல்லை. சாதாரண சாலையில் இரண்டாவதில்தான் கிளம்ப வேண்டும், ஆக அது மூன்று கியர் வண்டி போலத்தான் ஓடும். இரண்டாவதின் 3.09-லிருந்து மூன்றாவதின் 1.69-க்கு ஒரே தாவல். வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் பாறையில் மட்டும் இறக்குகிறவருக்கு இது பொருட்டே இல்லை. நான் வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே காட்டுக்குப் போய், ஓட்டிக்கொண்டே திரும்புகிறவன். எனக்கு ஐந்தாவது கியர் வேண்டும்.

அப்புறம்தான் இந்த வேலையில் நான் கற்றதிலேயே முக்கியமானது வந்தது. எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் என் பட்டியலைக் காட்டினேன். அவர் எண்களைப் படிக்கக்கூட இல்லை. “தம்பி, முதல்ல டேப்பை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போ. பின்னாடி ஷாஃப்ட் எவ்வளவு நீளம்னு அளந்துட்டு வா. மிச்சத்தை அப்புறம் பேசலாம்” என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். ஜீப்பில் கியர்பாக்ஸின் முதுகில்தான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உட்கார்ந்திருக்கிறது. புது பாக்ஸும், அதை ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு இணைக்கும் அடாப்டரும் சேர்ந்து பழையதைவிட எவ்வளவு நீளமோ, அந்த அளவு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் நகரும். அங்கிருந்து முன் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அதே அளவு நீளும், பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் குறையும். சிஜே-7-ன் வீல்பேஸே (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 93.5 அங்குலம்தான், பின் ஷாஃப்ட் பிறவியிலேயே குட்டை. அதைவிடச் சின்ன சிஜே-5 வைத்திருப்பவர்கள் இன்னும் பத்து அங்குலம் குறைவான வீல்பேஸோடு போராடுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஷாஃப்டின் இரு முனையிலும் அது சாய்ந்தபடி சுற்ற உதவும் யூ ஜாயிண்டுகள் உண்டு. அந்த இரண்டுக்கும் இடையே 500 மில்லிமீட்டர், உயர வித்தியாசம் 150 மில்லிமீட்டர் என்றால் ஷாஃப்டின் சாய்வு பதினேழரை டிகிரி. ஷாஃப்ட் 100 மில்லிமீட்டர் குறைந்தால், உயரம் மாறாமலே சாய்வு 22 டிகிரிக்குப் போய்விடும். சாதாரண யூ ஜாயிண்ட் சாய்வில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இரண்டு முறை கூடிக் குறையும், சாய்வு ஏற ஏற அந்த ஏற்ற இறக்கமும் பெரிதாகும். அதுதான் அதிர்வாக வந்து இருக்கையில் அடிக்கிறது. லிஃப்ட் போட்ட, அதாவது சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியில் உயர வித்தியாசமும் கூடுதல். அப்போது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயிண்ட் வைத்து, பினியன் மூக்கை (பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் சேரும் முனையை) மேலே திருப்பி வைப்பது தவிர வேறு வழியில்லை. ஆகவே கியர்பாக்ஸ் விலையோடு ஷாஃப்ட் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக் முதலில் அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அந்த அளவோடு பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது பல பெயர்கள் தாமாகவே விழுந்தன. என்வி4500 அருமையான பாக்ஸ், டீசல் பிக்கப்புகளையே தாங்கியது. ஆனால் வார்ப்பிரும்புக் கூடு, எடை 90 கிலோவை ஒட்டி வரும், வண்டித் தரையில் பாக்ஸுக்கு மேலே உள்ள மேட்டை நன்றாக வெட்ட வேண்டும். என் இன்ஜினின் முறுக்குவிசைக்கு அவ்வளவு பெரிய பாக்ஸ் தேவையே இல்லை. வி8 போடுகிறவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். எஸ்எம்420 நீளத்தில் கச்சிதம், இன்றும் பாறைக்காரர்களின் செல்லம். ஆனால் ஓவர்டிரைவ் இல்லை, உதிரிப்பாகமும் வருடா வருடம் அரிதாகிறது. 1982 முதல் 86 வரை சிஜே-யிலேயே வந்த டி-5-ல் ஐந்து கியரும் உண்டு, 4.03 முதல் கியரும் உண்டு. எளிதில் மாட்டலாம். இருந்தும் அதன் உள் பாகங்கள் இலகுவானவை. பெரிய டயரோடு லோ கியரில் பாறை ஏற நான் அதை நம்ப மாட்டேன்.

கடைசியில் நின்றவை ஏஎக்ஸ்-15, என்வி3550 இரண்டும். இரண்டுமே ஐந்து கியர், ஐந்தாவது ஓவர்டிரைவ். என்வி3550-ல் ரிவர்ஸுக்கும் சின்க்ரோ உண்டு என்பது நல்ல வசதி. ஆனாலும் ஏஎக்ஸ்-15 பக்கம் என்னைச் சாய்த்தது அதன் வரலாறு. ஜப்பானின் ஐசின் நிறுவனம் தயாரித்த இந்த பாக்ஸ் 1989-ன் நடுவிலிருந்து 1999 வரை ஜீப்புகளில் வந்தது. சிஜே-க்கு அடுத்து வந்த ஒய்ஜே ராங்லர் ஜீப்பில் 1989, 90-ல் இதே 4.2 லிட்டர் இன்ஜினோடு தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பினார்கள். அதாவது என் இன்ஜினுக்குப் பொருந்தும் பெல் ஹவுசிங்கை (இன்ஜினையும் பாக்ஸையும் இணைத்து க்ளட்சை மூடும் கூட்டை) யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பேரிங், சீல், சின்க்ரோ எல்லாம் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐந்தாவது கியர் 0.79. 3.54 ஆக்ஸிலோடு அது 100-ல் 1900 சுற்றுக்கும் கீழே இழுத்துவிடும்.

சரி, பாறைக்கு என்ன செய்வது? முதல் கியர் 3.83 தானே? விடை ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. டானா 300-க்கு 4:1 லோ கியர் செட் கிடைக்கிறது. அதைப் போட்டால் 3.83-ஐ 4-ஆலும் 3.54-ஆலும் பெருக்க, 54 வருகிறது. என்வி4500 தந்திருக்கக்கூடியதைவிடக் கூடுதல். அதுவும் ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் கூடாமல். சாலையில் ஹை ரேஞ்சில் எதுவும் மாறாது. ஐந்து கியருக்கும் தனித்தனியாக நல்ல லோ கிடைக்கும். ஓவர்டிரைவை கியர்பாக்ஸிலும் மெதுவான ஊர்தலை ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் தேடுங்கள். இரண்டையும் ஒரே பாக்ஸில் தேடும்போதுதான் எடையும் நீளமும் கையை மீறுகின்றன.

ஏஎக்ஸ்-15-ஐ அதனோடு வந்த என்பி231 ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்தே வாங்கினால் வேலை மிச்சம் என்று சிலர் சொன்னார்கள். சிஜே-யில் அது நடக்காது. ஷாஃப்ட் வந்து சேரும் முன் டிஃபரன்ஷியல் சிஜே-7-ல் வலப்பக்கம், ஒய்ஜே-யில் இடப்பக்கம். முன் ஷாஃப்ட் தவறான பக்கத்தில் போய் நிற்கும். ஆகவே டானா 300-ஐயே வைத்துக்கொண்டு அடாப்டர் வாங்கினேன். ஏஎக்ஸ்-15-லிருந்து வெளியே வரும் ஷாஃப்டிலும், அதை வாங்கிக்கொள்ளும் டானா 300-ன் இன்புட் கியரிலும் 23 பற்கள். அதனால் அங்கே ஷாஃப்ட் மாற்றும் செலவு இல்லை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவற்றில் ஆண்டு முக்கியம். 1993 வரையிலான பாக்ஸ்களில் க்ளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (ஹைட்ராலிக் அழுத்தத்தால் க்ளட்சை விடுவிப்பது) பெல் ஹவுசிங்கிற்கு உள்ளே, இன்புட் ஷாஃப்டைச் சுற்றி இருக்கும். அது கசிந்தால் பாக்ஸையே இறக்க வேண்டும். 1994-லிருந்து வெளியே வந்துவிட்டது, இரண்டு நட்டில் கழற்றிவிடலாம். நான் பிந்தையதைத்தான் தேடிப் பிடித்தேன். இன்புட் ஷாஃப்டின் மூக்கும் இரண்டு விட்டங்களில் வந்திருக்கிறது: 0.590 அங்குலம், 0.750 அங்குலம். அந்த மூக்கை கிராங்க் ஷாஃப்டின் முனையில் தாங்குகிற, அளவுக்கேற்ற பைலட் பேரிங்கோ புஷ்ஷோ கையில் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. இதே பெயரில் டக்கோட்டா பிக்கப்பிலும் ஒரு பாக்ஸ் வந்தது. அதை ஜீப்பில் அப்படியே மாட்ட முடியாது. விலை குறைவு என்று யாராவது காட்டினால் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று முதலில் கேளுங்கள்.

வாங்கப்போகும் பழைய பாக்ஸை எப்படிச் சோதிப்பது? இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்த்தேன். மேலும் கீழும் ஆட்டினால் சின்ன அசைவு இருக்கும், அது இயல்பு. கரகரவென்று உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்தால் உண்மை தெரிந்துவிடும். பொன்னிறத் தூள் கொஞ்சம் இருந்தால் அது சின்க்ரோ ரிங்கின் தேய்மானம், எதிர்பார்க்க வேண்டியதுதான். காந்தத்தில் ஒட்டுகிற இரும்புச் சில்லு இருந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடலாம். போல்ட் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் அவசியம், அலுமினியக் கூடு.

மாட்டும்போது அதிக நேரம் பிடித்தது க்ளட்ச். என் வண்டியில் பெடலிலிருந்து கம்பி இணைப்பு. புது பாக்ஸுக்கு ஹைட்ராலிக். பெடல் அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரை ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகரச் சுவரில்) பொருத்தத் தகடு வைத்து பலப்படுத்த வேண்டியிருந்தது. வெறும் தகரத்தில் பூட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் ஃபயர்வால் வளையும், க்ளட்ச் முழுதாக விடாது. க்ளட்ச் டிஸ்க்கை வாங்குவதற்கு முன்பே, அதன் நடுத்துளைப் பற்கள் (ஸ்பிளைன்) பொருந்துகின்றனவா என்று இன்புட் ஷாஃப்டில் நுழைத்துப் பார்த்தோம். 4.0 லிட்டர் இன்ஜினுக்காக வந்த பெல் ஹவுசிங்கில் கிராங்க் சென்ஸாருக்கான துளை இருக்கும். 4.2-ல் அந்த சென்ஸார் இல்லை, ஆகவே சேறு போகாமல் மூடிவிட வேண்டும். பெல் ஹவுசிங்கின் நடுத்துளை கிராங்கின் மையத்தோடு ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லி மெக்கானிக் பிடிவாதமாக நின்றார். 0.25 மில்லிமீட்டருக்குள் இருந்தது. இந்தச் சோதனையைத் தவிர்க்கிறவர்கள் ஏராளம். புது இன்புட் பேரிங் சீக்கிரமே ஊளையிட்டால் அப்புறம் பாக்ஸைத்தான் திட்டுவார்கள்.

பாக்ஸை அடியில் தாங்கும் தகட்டில் போல்ட் துளைகளின் இடம் மாறியது. கியர் கோல் வருகிற இடமும் மாறியதால் தரை மூடியை வெட்டி, புது விளிம்பு வைத்தோம். ஸ்பீடோமீட்டர் கேபிளைத் தொடவே இல்லை. அது டானா 300-லிருந்து வருகிறது, கியர்பாக்ஸ் மாறினாலும் அளவு மாறாது.

ஆயில் விஷயத்தில் மட்டும் அலட்சியம் காட்டாதீர்கள். கியர் ஆயிலில் ஜிஎல் என்பது தர எண். ஜிஎல்-5 ஆயிலில் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், பித்தளை சின்க்ரோ ரிங்குகளுக்கு அது ஆகாது. ஆக்ஸிலுக்கு வாங்கியதில் மீதி இருக்கிறது என்று பாக்ஸில் ஊற்றுவது பலர் செய்கிற காரியம். 75டபிள்யூ-90-ல் ஜிஎல்-3 அல்லது ஜிஎல்-4 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஊற்றினேன். கூடவே பாக்ஸின் பிரீதருக்கு (காற்று போய்வரும் துளைக்கு) ஒரு குழாய் மாட்டி, ஃபயர்வாலின் உச்சிவரை ஏற்றிவிட்டேன். குளிரும்போது அது இனிக் காற்றைத்தான் இழுக்கும்.

பின் ஷாஃப்டைக் குறைத்து பேலன்ஸ் செய்து மாட்டியாகிவிட்டது. 90-ஐத் தாண்டியபோது லேசான அதிர்வு இருந்தது, பினியனை ஆப்புத் தகடு வைத்து இரண்டு டிகிரி திருப்பியதும் போனது. 4:1 கியர் செட் இன்னும் போடவில்லை, டானா 300-ஐ அடுத்த முறை இறக்கும்போது சேர்த்துச் செய்வதாக இருக்கிறேன். அதுவரை 35.5-ஐ வைத்துக்கொண்டு, செங்குத்தான இறக்கங்களில் பிரேக்கையும் கொஞ்சம் சேர்த்தே பயன்படுத்துகிறேன். மூன்றாவது கியர் போட்ட இடத்தில் நிற்கிறது.