வெள்ளிக்கிழமை உறையும் ஷெட்யூல் எச் படிவமும்

2017 ஜனவரி கடைசி. குழந்தை தூங்கிய பிறகு நானும் வீட்டுக்காரரும் செனட் விசாரணை பார்த்துக்கொண்டிருந்தோம். டிரம்ப் பட்ஜெட் அலுவலகத்துக்குத் தலைவராக நியமித்திருந்த மிக் முல்வேனியை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2000-லிருந்து 2004 வரை அவர் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்காகக் கட்ட வேண்டிய வரி, 15,000 டாலருக்கு மேல், கட்டாமலே விட்டிருக்கிறார். நாட்டுக்கே வரவு செலவுக் கணக்கு எழுதப்போகிற மனிதர்! அந்தப் பெண் வீட்டோடு தங்கவில்லை, சமைக்கவில்லை, துடைத்துப் பெருக்கவில்லை, பாடம் சொல்லித்தரவில்லை, அதனால் வெறும் பேபிசிட்டர், வரி கட்டத் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம் என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "நம்ம ஆன்ட்டிக்கு நாம என்ன கட்டினோம்?" என்றார்.

ஒன்றும் கட்டவில்லை. அம்மா 6 மாத விசாவில் வந்து இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியதும், 2013 செப்டம்பரில் ஆன்ட்டி எங்கள் மேரிலாந்து வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் இல்லை, மகனோடு இருக்கிறார், குடியுரிமை உண்டு, சமூகப் பாதுகாப்பு எண்ணும் உண்டு. 2015 ஜூனில் குழந்தை பள்ளிக்குப் போகத் தயாராகும்வரை எங்களோடு இருந்தார். வாரம் 300 டாலர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வெள்ளை உறையில் இருபது டாலர் நோட்டாகப் பதினைந்து வைத்து, ஃபிரிட்ஜ் மேல் காந்தத்தில் செருகிவிடுவேன். அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. எல்லாரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தோம், நிஜமாகவே எங்களுக்குத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

இதை அன்று ராத்திரியே அவசரமாகப் பேச ஒரு காரணம் இருந்தது. வீட்டுக்காரருக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது, ஆனால் ராணுவத் துறைக்கான பணி என்பதால் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். அதற்கு எஸ்எஃப்-86 என்று ஒரு படிவம், நூறு பக்கத்துக்கும் மேல். அதில் ஒரு கேள்வி: கடந்த 7 ஆண்டுகளில் சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டிய, கட்ட வேண்டிய வரி எதையாவது விட்டிருக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை. தெரிந்தே இல்லை என்று போட்டால் அது தனிக் குற்றம்.

அடுத்த மூன்று நாள் தூக்கமில்லாமல் படித்ததில் எனக்குத் தெரிந்தது, இது பழைய கதை. 1993-இல் கிளின்டன் அட்டர்னி ஜெனரலாக்க நினைத்த ஜோயி பேர்டு இதே விஷயத்தில்தான் விலகினார். அவர் வீட்டில் வேலை பார்த்த தம்பதிக்கு ஆவணமும் இல்லை, அவர் சமூகப் பாதுகாப்பு வரியும் கட்டவில்லை. அந்த ரகளைக்குப் பிறகு 1994-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை ஒரு காலாண்டில் 50 டாலர் கொடுத்தாலே வரி, காலாண்டுக்கு ஒரு படிவம். அதை வருடத்துக்கு 1,000 டாலர் என்று உயர்த்தி, நம் சொந்த வருமான வரிக் கணக்கோடு சேர்த்து ஷெட்யூல் எச் என்ற தாளை நிரப்பினால் போதும் என்று ஆக்கினார்கள். அந்த வரம்பு ஏறி ஏறி 2013-இல் 1,800, 2014-இலும் 2015-இலும் 1,900. நாங்கள் அதை ஏழே வாரத்தில் தாண்டியிருந்தோம்.

2009 பிப்ரவரி 3 மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒபாமாவின் நியமனங்களில் இரண்டு பேர் விலகினார்கள். ஒருவர் டாம் டேஷல், சுகாதாரத் துறைக்கு வரவிருந்தவர். நண்பர் ஒருவர் கொடுத்த காரும் டிரைவரும் வருமானம் என்று கணக்கில் காட்டவில்லை, ஆலோசனைக் கட்டணத்திலும் ஒரு பகுதியைக் காட்டவில்லை, எல்லாம் சேர்த்து வட்டியோடு ஏறத்தாழ 1,40,000 டாலர் பின்னால் கட்டினார். இன்னொருவர் நான்சி கில்லஃபர், அரசின் செயல்திறன் அதிகாரியாக வரவிருந்தவர். வீட்டு வேலையாளுக்கான வேலையின்மைக் காப்பு வரி கட்டாததால் 2005-இல் அவர் வீட்டின் மேல் வாஷிங்டன் நகர நிர்வாகம் பாக்கிக்காகப் போட்ட பற்றுரிமை (லீன்) 946 டாலர் 69 சென்ட். அதற்கு ஒரு வாரம் முன்னால், 2001 முதல் 2004 வரை சர்வதேச நாணய நிதியத்தில் (ஐஎம்எஃப்) வாங்கிய சம்பளத்துக்கான சுயதொழில் வரி 34,000 டாலருக்கு மேல் விட்டுவைத்திருந்த டிமத்தி கைட்னர், 60-க்கு 34 ஓட்டில் நிதியமைச்சர் ஆகிவிட்டார். வரி வசூலிக்கும் ஐஆர்எஸ்ஸே அவர் கீழேதான் வரும். இதில் என்ன நியாயம் என்று நான் பொருமிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர், "நாம அந்த 946 டாலர் அம்மா பக்கம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவரைவிட மோசமாக இருந்தோம்.

கணக்கு இதுதான். 2013-இல் 16 வாரம், 4,800 டாலர். 2014-இல் 50 வாரம், 15,000. 2015-இல் 24 வாரம், 7,200. மொத்தம் 27,000. சமூகப் பாதுகாப்பு வரியும் முதியோர் மருத்துவக் காப்பான மெடிகேருக்கான வரியும் சேர்த்து 15.3 சதவீதம், அதாவது 4,131 டாலர். அதில் பாதி ஆன்ட்டி சம்பளத்தில் அவ்வப்போது பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டுவிட்டு இரண்டு வருஷம் கழித்துப் போய் ஒரு விதவையிடம் 2,000 டாலர் கேட்கவா முடியும்? இரண்டு பாதியையும் நாங்களே கட்டினோம். இதற்கு மேல் மத்திய, மாநில வேலையின்மைக் காப்பு வரிகள், வட்டி, அபராதம்.

முதல் வேலை, முதலாளி என்று நமக்கொரு எண் வாங்க வேண்டும். ஈஐஎன் என்பார்கள். இணையத்தில் பத்து நிமிட வேலை என்று கேள்விப்பட்டு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தால், இந்தச் சேவை திங்கள் முதல் வெள்ளி வரைதான், காலை 7 மணியிலிருந்து ராத்திரி 10 வரை என்று அப்போது வந்தது. ஒரு வலைத்தளத்துக்கு வார விடுமுறை! திங்கட்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து வாங்கினேன்.

அப்புறம்தான் ஒரு கணக்காளரைப் பிடித்தோம். அந்த அம்மா செய்த பெரிய உபகாரம், வரிசையைச் சொன்னது. ஆன்ட்டிக்கு மூன்று வருடத்துக்கும் தனித்தனி டபிள்யூ-2, அதாவது வருடச் சம்பளத்தைக் காட்டும் படிவம். அதைச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தாளில் அனுப்புவதானால் வீட்டு பிரின்டரில் அச்சடித்து அனுப்ப முடியாது, சிவப்பு மையில் வரும் படிவம் வேண்டும், அதுவும் அந்தந்த வருடத்துப் படிவம். எங்கள் கணக்குக்கு மூன்று 1040-எக்ஸ் திருத்தத் தாக்கல், ஒவ்வொன்றோடும் அந்த வருடத்து ஷெட்யூல் எச், மூன்றும் மூன்று உறையில். ஒரே உறையில் போட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

2014-க்கான டபிள்யூ-2-வை நான் இப்போதும் வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் 16,147.50, மூன்றாம் கட்டத்தில் 15,000. தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று பதறிப்போய் போன் செய்தேன். தப்பில்லையாம். ஆன்ட்டியின் பங்கு 1,147.50-ஐ நாங்கள் கட்டினால் அது அவருக்கு நாங்கள் கொடுத்த கூடுதல் சம்பளம் மாதிரி, வருமான வரிக்குக் கூடும், சமூகப் பாதுகாப்புக்குக் கூடாது. ஒரு நல்ல காரியம் பண்ணினாலும் அதற்கொரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.

ஆன்ட்டியிடம் சொல்லும் நாள்தான் கஷ்டம். நாங்கள் கணக்குக் காட்டினால் அவர் காட்டாததும் வெளியே வரும். போளியும் கையுமாக அவர் மகன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு இதால ஏதும் பிரச்சினை வருமோ பிள்ளை?" என்றார். வேறு வருமானம் இல்லாததால் 2013-க்கும் 2015-க்கும் அவருக்கு வருமான வரி வராது, 2014-க்கு மட்டும் 600 டாலர் வரும், அதையும் நாங்களே தருகிறோம் என்றோம். மகனுக்கு எங்கள் மேல் நல்ல கோபம். இவ்வளவு நாள் கழித்து உங்கள் வேலைக்காக அம்மாவை ஏன் இழுக்கிறீர்கள் என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தப் படிவம் வராமல் இருந்திருந்தால் நாங்கள் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருக்கவே மாட்டோம்.

ஆனால் கணக்காளர் சொல்லி அனுப்பிய ஒரு விஷயம் இருந்தது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும், கணக்கில் ஏறிய சம்பளத்துக்குக் கிடைக்கும் புள்ளி மாதிரி, வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு. 2013-இல் ஒரு கிரெடிட்டுக்கு 1,160 டாலர், நான்குக்கு 4,640. ஆன்ட்டி அந்த வருடம் எங்களிடம் வாங்கியது 4,800. 160 டாலர் வித்தியாசத்தில் முழு நான்கும் கிடைக்கும், மூன்று வருடத்துக்குப் பன்னிரண்டு. ஆனால் ஒரு வருடத்துக் கூலிப் பதிவைத் திருத்த, அந்த வருடம் முடிந்து 3 வருடம், 3 மாதம், 15 நாள்தான் அவகாசம். அதைத் தாண்டினால் விதிவிலக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். 2013-க்கு அது 2017 ஏப்ரல் 15. இதைக் கேட்டதும் மகன் எழுந்து போய் ஒரு பேனா எடுத்துக்கொண்டு வந்தார்.

மார்ச் மாதம் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இதில் ஒரு கேலிக்கூத்து என்னவென்றால், குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கென்று வருடத்துக்கு 600 டாலர் வரிச் சலுகை அப்போது எங்களுக்கு இருந்தது, பார்த்துக்கொள்பவரின் எண்ணைக் காட்ட வேண்டுமே என்று அதை மூன்று வருடமும் கேட்காமலே விட்டிருந்தோம். ஒளிப்பதற்காக 1,800 டாலரை நாங்களே தொலைத்திருக்கிறோம். திருத்தத் தாக்கலில் அதையும் கேட்டு வாங்கினோம்.

எஸ்எஃப்-86 படிவத்தில் வீட்டுக்காரர் "ஆம்" போட்டார். எந்த வருடம், எவ்வளவு, ஏன், எப்போது கட்டினீர்கள் என்று சின்னச் சின்னக் கட்டங்கள். ஏன் என்ற கட்டத்தில் "தெரியாது" என்று எழுதலாமா "விசாரிக்கவில்லை" என்று எழுதலாமா என்று ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. கடைசியில் இரண்டாவதைத்தான் எழுதினார். அக்டோபரில் விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்தபோது இதைப் பற்றிக் கேட்டது நான்கு நிமிடம் இருக்கும், ரசீதுகளின் நகலை வாங்கிக்கொண்டு, சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனரைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். அனுமதி அடுத்த வருடம்தான் வந்தது. முல்வேனிக்கு பிப்ரவரியிலேயே 51-க்கு 49 ஓட்டில் பதவி கிடைத்துவிட்டது.

அந்த வருடம் தீபாவளிக்கு ஆன்ட்டி வந்தார். மகன் கணக்குத் திறந்து கொடுத்திருந்தார் போல, போனை நீட்டி சமூகப் பாதுகாப்புப் பதிவைக் காட்டினார். 2013, 4,800. 2014, 15,000. 2015, 7,200. விரலால் மேலே தள்ளினார். 2012, பூஜ்ஜியம். 2011, பூஜ்ஜியம். 2007 வரைக்கும் அப்படியே.

"இந்த வருஷம் எல்லாம் நான் வேற ரெண்டு வீட்டில பிள்ளை பார்த்தனான்" என்றார். "அவையளிட்டயும் போய்க் கேக்கலாமோ?"

வீட்டுக்காரர் எழுந்து டீ போடப் போனார். 2012-க்கான அவகாசம் 2016 ஏப்ரல் 15-ஓடு முடிந்துவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.