பச்சை முக்கோணம்

பூச்சி மருந்து டப்பா எதை எடுத்தாலும், தன் முனைமேல் சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம் அதில் இருக்கும். நடுவே ஒரு கோடு அதை இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கும். மேலே எச்சரிக்கைச் சொல், கீழே நிறம். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் உள்ள ஏற்பாடு இது. சிவப்பு இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை இறங்கிக்கொண்டே வரும்.

உரக்கடைக் கல்லாவில் நின்று பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். சிவப்பு யாருக்கும் புரிகிறது. மேலே மண்டையோடும் எலும்பும் இருப்பதால் எழுத்து தெரியாதவர்கூட அந்த டப்பாவைப் பரண்மேல் வைத்துவிடுவார். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் எது கடுமை என்று கேட்டால் பாதிப் பேர் மாற்றிச் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த இரண்டு நிறங்களில் எது பெரியது என்று வாழ்க்கையில் வேறெங்கும் அவர்கள் கண்டதில்லையே.

எனக்குக் கவலை தருவது பச்சைதான். "பச்சை போட்டதுதானே அண்ணே, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையால் மருந்தைக் கலக்கப் போகிறவர்கள் அநேகம். சாலை விளக்கில் பச்சை என்றால் போகலாம். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி என்றால் சைவம், தாராளமாகச் சாப்பிடலாம். அதே கண்தான் இங்கேயும் பார்க்கிறது. ஆனால் இந்தப் பச்சைக்குக் கணக்கு வேறு. சோதனை விலங்குகளில் பாதி சாவதற்கு, உடல் எடையில் கிலோவுக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல் வாய்வழியாகப் போக வேண்டும் என்பதுதான் அதன் பொருள். மஞ்சளுக்கு அது 51 முதல் 500 வரை. இரண்டுமே ஒரே தடவையில் உள்ளே போகும் அளவை வைத்துச் சொல்வது. சீசன் தவறாமல் வருஷக்கணக்கில் தெளிக்கிறவரின் தோலுக்கும் மூச்சுக்கும் என்ன ஆகும் என்பதை இந்த முக்கோணம் சொல்வதே இல்லை.

கையுறை, முகமூடி, பூட்டிய அலமாரி, கை கழுவுதல் என்று சின்னச் சின்னப் படங்கள் உண்டு. உலக உணவு வேளாண் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1980களில் உருவானவை. என்ன செய்ய வேண்டும் என்பதை அவை நேராகக் காட்டுவதால், நான்கு நிறங்களைவிட அவற்றைத்தான் நம்புகிறேன். டப்பாவில் அந்தப் படம் இருந்தால், கையுறைமேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். அப்போதுதான் "இதுக்கும் கையுறை போடணுமா?" என்ற கேள்வியே வருகிறது. ஆனால் சிறிய பாட்டில்களில் இந்தப் படங்களை மிகப் பொடியாக அச்சடிக்கிறார்கள். அறுபது வயதுக்காரர் கண்ணுக்கு அவை வெறும் புள்ளிகள். கட்டைவிரல் நகம் அளவுக்காவது அவற்றைப் பெரிதாக்க வேண்டும்.