சவோய் சந்தியில் நின்றுபோன 121

முதல் தடவை கார் நின்றது வெள்ளவத்தை சவோய் சந்தியில். காலை ஏழரை மணி, பள்ளிக்கூட நேரம். பின் சீட்டில் மகள். பக்கத்தில் மாமி, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். ஆர்பிஎம் முள் 700இலிருந்து தள்ளாடித் தள்ளாடி இறங்கியது, கார் ஒரு தரம் உதறியது, இஞ்சின் ஓய்ந்துவிட்டது. பின்னால் நின்ற 100ஆம் இலக்க பஸ் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவே இல்லை. மூன்றாம் தரம் சாவியைத் திருப்பியபோதுதான் ஸ்டார்ட் ஆனது.

எங்களுடையது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121 மொடல் கார். மீட்டரில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காரை மாற்றும் யோசனை எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டாலும் அந்த வரிக்கு நாங்கள் கிட்டப் போகவும் முடியாது. ஆகவே இந்தக் கார் ஓடத்தான் வேண்டும். மாமனார் ஆசையாக வைத்திருந்த கார் என்பதும் உண்டு.

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கராஜில் முதலில் விட்டேன். நான்கு பிளக்கும் எயார் ஃபில்டரும் மாற்றினார்கள், இஞ்சினுக்குள் காற்றை விடும் த்ரொட்டில் பொடியைக் கழுவினார்கள். மூன்று நாள் நல்லாக இருந்தது. நான்காம் நாள் மழை பெய்த காலை, உதறல் திரும்ப வந்தது. இந்தத் தடவை செக் இஞ்சின் லைட்டும் மினுங்கியது. ஸ்கேனரைப் போட்டுப் பார்த்து ‘பி 0302’ என்றார்கள். இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோல் பம்பை மாற்றச் சொன்னார்கள். பம்ப் கொடுக்கும் பெற்றோல் நான்கு சிலிண்டருக்கும் பொதுவாகத்தான் போகிறது, பிறகு ஏன் இரண்டாவது மட்டும் மிஸ் அடிக்கிறது என்று கேட்டேன். பதில் வரவில்லை. அதுவரை 31,000 ரூபாய் போயிருந்தது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஊகித்தார்கள், ஊகத்துக்குக் காசு நான் கொடுத்தேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செக் இஞ்சின் லைட் சும்மா எரிந்தால் ஆறுதலாகப் பார்க்கலாம். மினுங்கினால் காரை அழுத்தி ஓட்டக் கூடாது. எரியாத பெற்றோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலைவிட அது எத்தனையோ மடங்கு விலை.

கூட வேலை செய்யும் ஒருவர் கொட்டாஞ்சேனையில் ஓர் அண்ணையிடம் அனுப்பினார். ஒழுங்கைக்குள் சின்னக் கராஜ், இரண்டு கார் நிற்கத்தான் இடம். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலில் இருந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“எப்ப நிக்குது தம்பி? குளிருக்கையா, சூடானாப் பிறகா?”

“ரெண்டிலயும் கரைச்சல் இருக்கு அண்ணை.”

“உதறுறது வேற, நிக்கிறது வேற. ரெண்டையும் ஒண்டாச் சொல்லாதீங்கோ. ஒரு கிழமைக்கு எழுதிக்கொண்டு வாங்கோ. நேரம், மழையா வெயிலா, ஏசி போட்டதா இல்லையா, ஓடேக்கையா நிக்கேக்கையா. எல்லாம் எழுதுங்கோ.”

மகளின் பழைய கொப்பியில் எழுதினேன். ஏழு நாளில் பதினொரு தடவை பதிந்திருந்தது. அதை வாசித்துப் பார்த்தபோது எனக்கே புரிந்துவிட்டது. உதறல் எல்லாம் காலையில், ஈரமான நாட்களில், ஏற்றத்தில் அல்லது அக்ஸிலறேட்டரை அழுத்தும்போது வந்தது. நின்றதோ ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடி இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியோடு, சிக்னலில் வேகம் குறைத்து நிறுத்தும்போது. அண்ணை கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, “இது ரெண்டு வருத்தம். ஒண்டை ஒண்டு மறைச்சுக்கொண்டு நிக்குது” என்றார்.

அவர் முதலில் பார்த்தது கொம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம். இவ்வளவு ஓடிய இஞ்சினில் அடிப்படை போய்விட்டால் மற்றதுக்குச் செலவழிப்பது வீண் என்பது அவருடைய கணக்கு. 175, 170, 172, 175 பிஎஸ்ஐ வந்தது. இலக்கம் எவ்வளவு பெரிது என்பதைவிட நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம் என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. இஞ்சின் உடம்பு நல்ல உடம்பு.

அப்புறம் கொயில். இந்த இஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனித்தனிக் கொயில் இருக்கிறது. ஒரு நட், ஒரு சொக்கெட், அவ்வளவுதான், கழற்றிவிடலாம். இரண்டாம் சிலிண்டரின் கொயிலை எடுத்து மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டாவதில் போட்டார். பிளக்கைத் தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஸ்கேனரில் பழைய கோளாறு இலக்கத்தை அழித்துவிட்டு ஆமர் வீதி வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம். ஸ்கேனரில் ‘பி 0303’. கோளாறு கொயிலோடு சேர்ந்து மூன்றாவதுக்கு நகர்ந்துவிட்டது. செலவில்லாத சோதனை, இருபது நிமிடம். என்னுடைய 31,000 ரூபாயை அப்போது நினைத்துப் பார்த்தேன்.

“கொம்பியூட்டர் எந்த சிலிண்டர் எண்டு சொல்லும். ஏன் எண்டு சொல்லாது” என்று சொல்லிக்கொண்டே கொயிலின் ரப்பர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரப்பர் எண்ணெய் குடித்து ஊதியிருந்தது, விரலில் வழுக்கியது. உள்ளே நீளவாக்கில் பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு. இரண்டாம் பிளக்கைக் கழற்றினால் அதன் வெள்ளைப் பீங்கானிலும் அதே இடத்தில் அதே கோடு. இஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரின் பெக்கிங் கல்லாக இறுகிப்போய், எண்ணெய் பிளக் குழிக்குள் கசிந்து ரப்பரைக் கெடுத்திருக்கிறது. கெட்ட ரப்பருக்குள் மின்பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் பீங்கான் மேலால் ஓடி இறங்கியிருக்கிறது. ஈரக் காற்றில் அந்த வழி இன்னும் லேசு. மழைநாள் உதறலின் காரணம் அந்த ஒரு கோடு. போட்டு மூன்று கிழமைகூட ஆகாத பிளக், ஆனால் கோடு விழுந்ததைத் திரும்பப் போட்டால் புதுக் கொயிலையும் கெடுக்கும் என்று அதைக் குப்பையில் போட்டார்.

கொயில் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழையதைக் கையில் கொண்டுபோக வேண்டும், அதில் அச்சடித்த இலக்கமும் சொக்கெட்டில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். ஒரிஜினலைப் பார்த்துச் செய்த மலிவான புதுக் கொயிலும் இருந்தது, ஜப்பானில் இருந்து கழற்றி வந்த ஒரிஜினலும் இருந்தது. நான் பழைய ஒரிஜினலைத்தான் எடுத்தேன், 4,500 ரூபாய். மேல்பக்கத்து ரெசின் வெடித்திருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். பெக்கிங் செட்டும் அதே தெருவில் கிடைத்தது.

உதறல் போய்விட்டது. நிற்பது நிற்கவில்லை. இரண்டாம் நாளே பம்பலப்பிட்டியில் ஏசியோடு ஒரு தரம் நின்றது.

இந்த இடத்தில்தான் முதல் கராஜ் சொன்ன பம்பை நானே மாற்றியிருப்பேன். அண்ணை விடவில்லை. பெற்றோல் லைனில் அழுத்தம் அளக்கும் கேஜைப் பூட்டி, ஏசியோடு அரை மணி நேரம் ஓடவிட்டார். முள் அசையவில்லை. பம்புக்குக் குறையில்லை. பிறகு ஸ்கேனரில் நான் அதுவரை கேள்விப்படாத ஒன்றைத் திறந்தார். பியூவல் ட்ரிம். கொம்பியூட்டர் தன் கணக்கில் இருந்து எவ்வளவு வீதம் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிறது, குறைத்துக் கொடுக்கிறது என்பதை அது காட்டும். நல்ல கார் பூச்சியத்தைச் சுற்றி நிற்கும், ஐந்து, பத்து என்றால் பரவாயில்லை. எங்களுடையது ஐட்லிங்கில், அதாவது அக்ஸிலறேட்டரைத் தொடாமல் இஞ்சின் சும்மா ஓடும்போது, +24. அக்ஸிலறேட்டரை அழுத்தி 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தார், +5க்கு இறங்கிவிட்டது. விட்டவுடன் திரும்பவும் ஏறியது.

அவர் ஸ்கேனரை மூடிவிட்டார். எனக்கு விளங்கப்படுத்தியது இப்படி: உள்ளே வரும் காற்றை அளக்கும் எயார் புளோ சென்சர் எண்ணாத காற்று எங்கோ ஓட்டையால் உள்ளே போகிறது. ஐட்லிங்கில் இஞ்சின் எடுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதனால் ஓட்டைக் காற்று பெரிய பங்கு. வேகம் ஏறினால் மொத்தம் கூடிவிடும், அதே ஓட்டை ஒரு பொருட்டில்லை. பெற்றோல் பம்ப் களைத்திருந்தால் நேர்மாறாக, அழுத்த அழுத்த இலக்கம் ஏறியிருக்கும்.

ஓட்டையைத் தேட ஒரு மணித்தியாலம் போனது. கார்பரேட்டர் கிளீனரைக் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கத்துக் குழாய்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தார். ஓட்டை உள்ள இடத்தில் பட்டால் இஞ்சினின் சத்தம் மாறும். சூடான எக்ஸோஸ்ட் பக்கம் ஒரு துளியும் படக்கூடாது, பற்றிவிடும், அதனால் பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் வைத்திருந்தார். மேலே தெளித்த எதற்கும் மாற்றமில்லை. கண்ணாடியைக் கம்பியில் கட்டி கீழே விட்டுப் பார்த்தபோது இஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திரும்ப அனுப்பும் பிசிவி ஹோஸின் அடிப்பக்கம் தெரிந்தது. அங்கே தெளித்ததும் இஞ்சின் ஒரு மூச்சு இழுத்து நிமிர்ந்தது.

கழற்றிக் கையில் தந்தார். விரல் நீளத்து ரப்பர், வளைவில் பஞ்சு மாதிரி இளகியிருந்தது. மடித்தால் அடியில் இரண்டு சென்ரிமீற்றர் வெடிப்பு வாய் திறக்கும், விட்டால் மூடும். குளிரில் இறுக மூடியிருக்கும், சூட்டில் இளகித் திறக்கும். பிரேக் போட்டு அக்ஸிலறேட்டரை விட்டவுடன் இஞ்சினின் உறிஞ்சல் கூடும், ஏசியின் பாரமும் சேரும். கொப்பியில் நான் எழுதியிருந்த எல்லாம் அந்த வெடிப்பில் இருந்தது. புது ஹோஸ் 1,800 ரூபாய்.

அன்று மாலை ஐட்லிங்கில் ட்ரிம் +3 காட்டியது. அடுத்த கிழமை வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்குப் போனோம், முதல் தடவையிலேயே பாஸ். இப்போது ஐந்து மாதம். நேற்றும் நல்ல மழை. சவோய் சந்தியில் ஏசியோடு மூன்று சிக்னல் மாறும்வரை நின்றோம். முள் 700இல் அசையாமல் இருந்தது. மாமி மீட்டரைப் பார்த்துவிட்டுக் கிளினிக் கொப்பியைப் புரட்டத் தொடங்கினா.